பையனின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது: நான் என்ன செய்திருக்க வேண்டும்?

காவிரிக்கரை
சனி, மாலை 6.40

என் மகனுக்கு ஒன்பது வயது. போன ஞாயிறு சாயங்காலம் தெருவில் சைக்கிள் ஓட்டும்போது வேகத்தடையில் தடுமாறி முகம் குப்புற விழுந்தான். மேல் வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடந்தது. பால்பல் இல்லை. ஏழு வயதில் முளைத்த நிரந்தரப் பல்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். பல்லைக் குழாயடியில் நன்றாகக் கழுவினேன். மண் போகவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா பழைய பிரஷ்ஷால் வேரைத் தேய்த்துக் கொடுத்தார். டிஷ்யூ பேப்பரில் சுற்றி பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு என்பதால் முதலில் போன இரண்டு கிளினிக்கும் பூட்டியிருந்தன. மூன்றாவது இடத்தில் டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. டிஷ்யூ வேரோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அவர் அதைப் பிரிக்கும்போது ஏதோ மெல்லிய தோல் போல அதோடு உரிந்து வந்தது. அது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

டாக்டர் பல்லைத் திரும்பப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி போட்டு ஒட்டியிருக்கிறார். "வேரைச் சுற்றியிருக்கும் சவ்வு செத்துவிட்டது அம்மா. பல் இப்போதைக்கு நிற்கும். எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது" என்றார்.

ஒரு அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். இன்னொரு வீட்டுக்காவது பயன்படட்டும்.

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, மாலை 7.25

சகோதரி, முதலில் ஒன்று. விழுந்த அன்று பிள்ளைக்கு மயக்கம், வாந்தி, அதிகத் தூக்கம் எதுவும் இல்லைதானே? முகத்தில் அடிபட்டு வரும் குழந்தைக்குப் பல்லுக்கு முன்னால் தலையைத்தான் பார்க்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி (டிடி) பாக்கியிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. பல் விழும்போது அந்தச் சவ்வு கிழிந்து, பாதி வேரின் மேல் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அதில் இருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் பழையபடி ஒட்டும். டிஷ்யூவோடு உரிந்து வந்ததாகச் சொன்னீர்களே, அந்தத் தோல் இதுதான்.

காற்றில் காய்ந்தால் அரை மணி நேரத்திலேயே பெரும்பாலான செல்கள் சாகத் தொடங்கும். ஒரு மணி நேரம் கடந்தால் எதுவும் மிஞ்சாது என்றே வைத்துக்கொள்ளலாம். கால் மணி நேரத்துக்குள் குழிக்குள் திரும்ப வைத்த பல்லுக்குத்தான் நல்ல வாய்ப்பு. அதனால் இந்த வைத்தியத்தின் முக்கியமான பகுதி கிளினிக்கில் நடப்பதில்லை, விழுந்த இடத்தில் நடக்கிறது.

பல்லைத் தேடி எடுங்கள். சிரித்தால் தெரியும் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரில் விரல் படக் கூடாது. அழுக்காக இருந்தால் பாலிலோ சலைனிலோ ஒரு முறை அலசுங்கள். இரண்டும் இல்லையா, குழாய் நீரில் சில வினாடிகள் காட்டி எடுத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம், சோப்பு வேண்டாம். அப்புறம் பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் பின்பக்கம் சரிபார்த்து, குழிக்குள் மெதுவாக அழுத்தி வையுங்கள். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியே டாக்டரிடம் கிளம்புங்கள்.

கை நடுங்குகிறது, பிள்ளை வாயைத் திறக்க விடவில்லை என்றால் பால்தான் அடுத்த வழி. பாக்கெட் பாலை வெட்டி ஒரு டம்ளரில் ஊற்றிப் பல்லை அதில் போடுங்கள். சூடு பண்ண வேண்டாம். பால் கிடைக்காத இடத்தில் பிள்ளையை ஒரு கிண்ணத்தில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். பெரியவர்கள் என்றால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டே வரலாம். குழந்தைக்கு அது வேண்டாம், விழுங்கிவிடும்.

வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். தண்ணீரில் உப்புச்சத்து குறைவு, அதனால் செல்கள் நீரை இழுத்து ஊதி உடைந்துவிடும். ஆனாலும் டிஷ்யூவில் காயவிடுவதை விடத் தண்ணீர் மேல்.

பால்பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அதற்கு மேலே அடுத்த பல்லின் முளை இருக்கிறது, அழுத்தினால் அது கெடும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் அநேகமாகப் பால்பல்தான். பல்லை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள், முழுப் பல்லா உடைந்த துண்டா என்று பார்க்க வேண்டும்.

---

காவிரிக்கரை
சனி, இரவு 7.50

மயக்கம், வாந்தி எதுவும் இல்லை டாக்டர். அன்றைக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

இவ்வளவு நேரம் கழித்துப் பல்லை வைத்ததில் பயன் இருக்கிறதா? ஒரு உறவினர், டாக்டர் காசுக்காகச் செய்திருக்கிறார் என்கிறார்.

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, இரவு 8.15

பயன் இருக்கிறது. உங்கள் டாக்டர் செய்தது சரி. சர்வதேச பல் காயச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நேரம் கடந்திருந்தாலும் நிரந்தரப் பல்லைத் திரும்ப வைப்பதையே பெரும்பாலும் சொல்கிறது. வளரும் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு பல் நிற்பது முக்கியம். இல்லாவிட்டால் எலும்பு சூம்பிவிடும், பக்கத்துப் பற்கள் சாயும். பின்னால் வேறு பல் கட்டுவதற்கும் எலும்பு வேண்டும்.

கம்பியைப் பொதுவாக இரண்டு வாரத்தில் எடுப்பார்கள். வேர்நுனி மூடியிருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர்சிகிச்சையும் தொடங்க வேண்டும். ஒன்பது வயதில் நுனி மூடியும் இருக்கலாம், திறந்தும் இருக்கலாம். எக்ஸ்ரேயைப் பார்த்து அவர் முடிவு செய்வார். வரும் வருடங்களில் வேரை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பையன் வளர வளர அந்தப் பல் மட்டும் மேலேயே தங்கி, குட்டையாகத் தெரியலாம். பயப்படாமல், அவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் காட்டுங்கள்.

பால் பாக்கெட்டை நினைத்து வருந்தாதீர்கள் சகோதரி. என்னிடம் வருபவர்களில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் டிஷ்யூவில்தான் சுற்றிக் கொண்டுவருகிறார்கள்.

---

கொங்குமண்
சனி, இரவு 8.40

எங்கள் ஊர்க் கபடி டீமில் இது நடந்தது. மோதியதில் என் தம்பிக்கு முன்பல் வெளியே வந்துவிட்டது. கோச் பழைய ஆள். பல்லை எடுத்துப் பார்த்தார், மண் இல்லை, "வாயைத் திற" என்றார், வைத்து அழுத்திவிட்டார். துண்டைக் கடிக்கவைத்து பைக்கில் ஈரோடு கூட்டிப்போனோம். பதினோரு வருஷம் ஆகிறது. வேர்சிகிச்சை செய்த பல்தான், கொஞ்சம் நிறம் மங்கியிருக்கிறது, ஆனால் அதிலேயே கரும்பு கடிக்கிறான்.

ஒரு சந்தேகம். இளநீரில் போட்டு வைத்தால் பாலை விட நல்லது என்று எங்கோ படித்தேன். எங்கள் தோட்டத்தில் பால் இல்லாத நேரம் இருக்கும், இளநீர் இல்லாத நேரம் இருக்காது.

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, இரவு 9.05

அது கட்டுக்கதை இல்லை. 2008 வாக்கில் நம் சென்னையிலேயே செய்த ஆய்வு ஒன்றில் இளநீர் நல்ல பலன் கொடுத்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்கு வரவில்லை. இளநீரில் புளிப்புத்தன்மை இருக்கிறது, செல்களுக்கு அது ஒத்துவருவதில்லை என்பது காரணம். அதனால் பால் முதலில், பிறகு எச்சில் அல்லது சலைன். தோட்டத்தில் எதுவுமே இல்லை என்றால் உங்கள் கோச் செய்ததுதான் எல்லாவற்றையும் விட மேல். பல்லுக்கு அதன் குழியை விட நல்ல இடம் இல்லை.

---

வடமராட்சி
சனி, இரவு 9.30

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பல்லு விழுகிறது கண்ணுக்குத் தெரிகிற அவசரம். எங்கள் வீட்டில் நடந்தது கண்ணுக்குத் தெரியாதது.

என் மாமாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, சீனி வருத்தக்காரர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கொதி. மூன்று நாள் பனடோல் போட்டுக்கொண்டு கடையைத் திறந்து வியாபாரம் பார்த்தார். நான்காம் நாள் வலி குறைந்துவிட்டது. மாமி கோயிலில் கற்பூரம் கொளுத்தினா. ஐந்தாம் நாள் காலையில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம். தொட்டால் மரப்பலகை மாதிரி இறுக்கம். மத்தியானம் அவர் கதைத்தது எங்களுக்கு விளங்கவில்லை, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு கதைக்கிறவர் மாதிரி இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் சாரத்தின் நுனியால் துடைத்துத் துடைத்து அந்தச் சாரம் நனைந்துபோனது. படுக்கச் சொன்னால் படுக்க மாட்டேன் என்றார். முன்பக்கம் குனிந்தபடி கதிரையிலேயே இருந்தார். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்பதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம். கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விட வைத்தார்கள், பிறகு தாடைக்குக் கீழே வெட்டிச் சீழை எடுத்தார்கள். ஐசியூவில் பதினொரு நாள். உயிரோடு இருக்கிறார். ஒரு டொக்டர் சொன்னார், இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் தெரியாது என்று.

வலி குறைந்த அன்றைக்கு நாங்கள் சந்தோசப்பட்டோம் பாருங்கோ, அதைத்தான் எல்லோருக்கும் சொல்ல நினைக்கிறேன்.

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, இரவு 10.10

வடமராட்சி அண்ணா, இந்த இழையில் இதை விட முக்கியமான பதிவு வராது. மாமாவுக்கு வந்தது லூட்விக் ஆஞ்சைனா. ஜெர்மன் மருத்துவர் லூட்விக் 1836லேயே இதை எழுதிவைத்தார். ஆன்டிபயாட்டிக் இல்லாத அந்தக் காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்றைக்கும் தாமதித்தால் ஆளைக் கொல்லும்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் சதை சீழ்பிடிக்கும்போதுதான் அந்தத் துடிக்கும் வலி. அந்தச் சதை செத்துவிட்டால் வலி சட்டென்று நிற்கும். அல்லது சீழ் எலும்பை உடைத்து வெளியே வந்துவிட்டால் அழுத்தம் குறைந்து வலி குறையும். இரண்டுமே குணமானதற்கு அடையாளம் இல்லை. கிருமி அங்கேயேதான் இருக்கிறது, பரவ வழிதான் கிடைத்திருக்கிறது. கீழே கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் கீழ்நோக்கி நீளமாக இறங்கியிருக்கும். அங்கே உடைந்து வரும் சீழ் நேராகக் கழுத்துப் பக்கத்துக்குப் போய்விடும். நாக்கைத் தூக்கி மூச்சுவழியை அடைப்பது அதுதான்.

அதனால் வலி எவ்வளவு என்பதை வைத்து அவசரத்தை அளக்காதீர்கள். நோயாளி போன் பண்ணினால் நான் கேட்பது வேறு. எச்சில் விழுங்க முடிகிறதா? குரல் மாறியிருக்கிறதா? வாய் எத்தனை விரல் திறக்கிறது? படுக்க முடிகிறதா? வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறதா, கண்ணுக்கு ஏறுகிறதா? குளிர்காய்ச்சல் உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள், நேராகப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108. சர்க்கரை இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கீமோ எடுப்பவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

மேல் கோரைப்பல் சீழ் கண்ணுக்குக் கீழே வீங்கும். கண் மூடிக்கொள்ளும் அளவு வந்தால் அதுவும் உயிர் விஷயம், மூளைக்குப் போகும் ரத்தப் பாதை அந்தப் பக்கம் இருக்கிறது. "மேல்பல் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பிடுங்குவதால் கண் போவதில்லை. சீழை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

---

இரவுப்பணி
சனி, இரவு 10.35

நான் நர்ஸ், கேஷுவாலிட்டியில் இருக்கிறேன். டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், படி ஏறும்போதெல்லாம் இடது கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று வந்தார். பல் வலி என்று நினைத்து ஒரு வாரம் கிராம்பு கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஈசிஜி எடுத்தால் இதயம். வாயில் எந்தப் பல் என்று காட்டத் தெரியாத வலி, நடந்தால் வந்து நின்றால் போகும் வலி, கூடவே வியர்வை, நெஞ்சு இறுக்கம் இருந்தால் பல்லை மறந்துவிட்டு உடனே ஈசிஜி எடுங்கள்.

---

கொங்குமண்
சனி, இரவு 10.50

வெறும் பல் வலி, வீக்கம் இல்லை, காலை வரை ஓட்ட வேண்டும் என்றால் என்ன செய்யலாம் டாக்டர்? எங்கள் அப்பத்தா காலத்தில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் புழு எடுப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், தண்ணீரில் வெள்ளையாக விழும்.

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, இரவு 11.15

பல்லில் புழு கிடையாது. சொத்தை என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி, சர்க்கரையைத் தின்று அமிலம் விடுவதால் வரும் குழி. தண்ணீரில் விழுந்தது சூட்டில் வெடித்த விதைக்குள் இருக்கும் வெள்ளைப் பகுதி. அப்பத்தா மேல் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இரவு வலிக்கு: தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்து படுங்கள். படுத்ததும் தலைக்கு ரத்தம் கூடுவதால்தான் ராத்திரியில் வலி ஏறுகிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக் குழியில் சிக்கியதை எடுங்கள். பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு பாராசிட்டமால் 650 ஒன்று போடலாம், அடுத்ததுக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். இபுபுரூபன் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் அல்சர், கிட்னிக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் உள்ளவர்களுக்கு வேண்டாம். காய்ச்சலும் இருந்து டெங்கு சந்தேகம் என்றால் அறவே வேண்டாம். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு, பஞ்சில் தொட்டுக் குழிக்குள் மட்டும். ஈறில் வழிந்தால் வெந்துவிடும். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், கன்னம் வெள்ளையாக வெந்து வருகிறது. வெளியே சூடு ஒத்தடமும் வேண்டாம்.

இன்னொன்று. மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாட்டிக் பல் வலியை ஆற்றாது. சீழுக்கு வெளியேறும் வழி செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

---

மலையோரம்
சனி, இரவு 11.48

வணக்கம். கணக்கு ஆரம்பித்தது இப்போதுதான். கூகுளில் தேடி இங்கே வந்தேன். வயது 24, திருப்பூரில் கம்பெனி ரூமில் தங்கியிருக்கிறேன். கீழே கடைசிப் பல் நாலு நாளாக வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். இன்று மதியம் வலி குறைந்தது. இப்போது தாடைக்குக் கீழே வீக்கம். ரூமில் சூடு ஒத்தடம் கொடுத்தார்கள். நாளை ஞாயிறு, திங்கள் போய்க் காட்டினால் போதுமா?

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, இரவு 11.51

தம்பி, ஒத்தடத்தை நிறுத்துங்கள். உடனே பதில் சொல்லுங்கள். உங்கள் விரல்களை நிமிர்த்தி வாயில் வைத்தால் எத்தனை நுழைகிறது? எச்சில் விழுங்க முடிகிறதா? காய்ச்சல்?

---

மலையோரம்
சனி, இரவு 11.56

ஒரு விரல்தான் போகுது. விழுங்கினா தொண்டை வலிக்குது, துப்பிட்டு இருக்கேன். உடம்பு சூடா இருக்கு, குளிருது.

---

பல்டாக்டர்_நெல்லை
சனி, இரவு 11.58

திங்கள் வேண்டாம், காலை வேண்டாம், இப்போதே. 108க்கு அடியுங்கள். "பல் வலி" என்று சொல்லாதீர்கள். "கழுத்து வீங்கியிருக்கிறது, விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை" என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. ரூமில் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டி வரும் வரை படுக்காமல் உட்கார்ந்தே இருங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் இனி எதுவும் சாப்பிட வேண்டாம். போட்ட மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை
ஞாயிறு, நள்ளிரவு 12.04

தம்பி, தனியாகப் போகாதப்பா. கூட இருப்பவரை எழுப்பு. வண்டியில் ஏறியதும் ஒரு வார்த்தை இங்கே போடு.

---

மலையோரம்
ஞாயிறு, நள்ளிரவு 12.31

ஏறிட்டேன் அக்கா.

---

இரவுப்பணி
ஞாயிறு, காலை 6.20

டூட்டி முடிந்து முதலில் இந்த இழையைத்தான் திறந்தேன். தம்பியிடமிருந்து ஏதாவது?

---

பூக்கடை
ஞாயிறு, காலை 9.15

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலிருந்து இயங்குகிறது. வேர்சிகிச்சை, பல் எடுப்பது எல்லாம் அங்கே குறைந்த செலவில் முடியும், காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி வீக்கம், ரத்தம் நிற்கவில்லை என்றால் சென்ட்ரல் எதிரே ஜிஎச் கேஷுவாலிட்டி.

ரத்தம் பற்றி: என் அம்மாவுக்குப் பல் எடுத்த அன்று இரவு நிற்கவே இல்லை. அடிக்கடி பஞ்சை எடுத்து எடுத்துப் பார்த்ததுதான் தப்பு என்று பிறகு சொன்னார்கள். மடித்த துணியை வைத்து, பார்க்காமல், அரை மணி நேரம் இறுக்கிக் கடிக்க வேண்டுமாம். துப்பவும் கூடாதாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இதய மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது என்றார்கள்.

---

காவிரிக்கரை
திங்கள், மாலை 5.10

இன்று மகனின் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். டாக்டர் முதலில் எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து விளையாட்டு அறையில் ஒட்ட ஒத்துக்கொண்டார்கள். பிடி மாஸ்டர் ஒன்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. பல் விழாமல் பாதி உடைந்தால் என்ன செய்வது?

---

பல்டாக்டர்_நெல்லை
திங்கள், இரவு 8.30

நல்ல கேள்வி. துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே வர வேண்டும். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்திருக்கிறது என்றால் உதட்டுக்குள்ளேயே குத்திக்கொண்டிருக்கலாம், தையல் போடும் முன் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டவே கூடாது. கழன்ற கேப்புக்கும் இதேதான்.

மலையோரம் தம்பி, முடிந்தால் எழுதுங்கள்.

---

மலையோரம்
புதன், காலை 10.42

வணக்கம். ரூம் நண்பர் டைப் செய்கிறார், நான் சொல்கிறேன். சனி ராத்திரியே ஸ்கேன் எடுத்து, விடியற்காலை ஆபரேஷன் செய்தார்கள். தாடைக்குக் கீழே ட்யூப் வைத்திருக்கிறார்கள். அந்தப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் ஐசியூ. இன்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் கஞ்சி குடித்தேன், விழுங்க முடிந்தது.

அக்கா, தம்பியின் பல் எப்படி இருக்கு?